காவலன் யார்? ஒரு ஹெவி மெட்டல் பாட்டும் அதன் ரசிகர்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. சங்க மலர்களில் எழுதுகிற நாம் நகையைப் பற்றியும் உவகையைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறோம். வெகுளியின் பக்கம் அதிகம் போவதில்லை. கோபம் என்றாலே அடக்க வேண்டியது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். வள்ளுவரும் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

ஆனால் தொல்காப்பியர் வெகுளியை ஒதுக்கவில்லை. அது பிறக்க நான்கு காரணங்கள் சொல்கிறார். உறுப்பை வெட்டுதல், குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். காபி ஆறிப்போனதற்கும் ஆட்டோக்காரர் கூடக் கேட்டதற்கும் வருகிற எரிச்சலை அவர் வெகுளி என்று கணக்கில் எடுக்கவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்யும் கொடுமையைக் கண்டு வருவதே அவர் சொல்லும் வெகுளி. கலைக்கு உரிய கோபம் அதுதான்.

இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அது தமிழ்ப் பாட்டு அல்ல, சினிமாப் பாட்டும் அல்ல. டெல்லியைச் சேர்ந்த பிளடிவுட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் 'தனாதன்' என்ற பாட்டு. இந்த லோத்குண்டா, அல்வால், பொல்லாரம் வட்டாரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பாட்டு என்பதாலும், அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருப்பதாலும் இதை எடுத்துக்கொண்டேன்.

ஹெவி மெட்டல் என்றால் என்ன?

பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. 'ஒரே காட்டுக் கத்தல்' என்பதுதான் நம்மில் பலருடைய முதல் அபிப்பிராயம். கத்தல் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுமை வரலாம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளன்று எந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கமுள்ள அவனுக்கு கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தான். பின்னால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினான். அந்தக் கனத்த ஒலிதான் பிளாக் சபாத் என்ற குழுவின் முத்திரை ஆயிற்று. 1970-இல் அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. போரைத் தொடங்குகிறவர்கள் வேறு, போரில் சாகிறவர்கள் வேறு என்று சாடும் பாட்டு அப்போதே அவர்களிடம் இருந்தது. ஆக, இந்த இசை பிறக்கும்போதே தொழிலாளி வீட்டுக் கோபத்தோடு பிறந்தது. சமூகத்தைப் பற்றிப் பேசுவது பிறகு ஒட்டவைத்த விஷயம் அல்ல.

அந்தத் தொண்டைக் கர்ஜனையும் நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு, திரைக்குப் பின்னாலிருந்து துச்சாதனன் குரல் எழுப்பினால் முன்வரிசைக் குழந்தைகள் எப்படிப் பதறும் என்று தெரியும். பம்பையும் உடுக்கையும் சேர்ந்து சாமியாடியை எழுப்புகிற நேரத்தில் யாரும் சுருதி சுத்தம் பார்ப்பதில்லை. இனிமை ஒன்றுதான் இசையின் வேலை என்று நம் கிராமத்துக் கோயில்கள் சொன்னதே கிடையாது.

குழுவும் பாட்டும்

பிளடிவுட் குழு 2016 வாக்கில் இந்தி சினிமாப் பாட்டுகளை மெட்டல் பாணியில் வாசித்துக் கேலி செய்துதான் தொடங்கியது. பாலிவுட் என்ற பெயரைத் திரித்தே இந்தப் பெயர். கரன் கட்டியார் கிட்டாரும் புல்லாங்குழலும் வாசிப்பவர். ஜெயந்த் பாதுலா கர்ஜிக்கும் பாடகர். ராவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் சொல்பவர். பஞ்சாபி டோல் இவர்களுடைய பலம். 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழாவில் வாசித்த பிறகு வெளிநாட்டிலும் பெயர் பரவியது. 2022 பிப்ரவரியில் 'ரக்ஷக்' என்ற முதல் சொந்த ஆல்பம் வந்தது. பத்துப் பாட்டுகள். மதத்தையும் அரசியலையும் கலப்பதைக் கண்டிக்கும் 'கத்தார்', மனச்சோர்வில் இருப்பவருக்குத் தைரியம் சொல்லும் 'ஜீ வீரே' போன்றவற்றைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் பேசிப் பார்த்தவர்களில் 'தனாதன்' பாட்டைத் தானாக எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. 'ஆமா, அதுவும் இருக்கு' என்பார்கள்.

தனாதன் என்றால் இந்தியில் அடுத்தடுத்து விழும் அடியின் ஓசை. நம் ஊரில் 'பளார் பளார்' என்கிற மாதிரி. பெண்கள் மேல் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றிய பாட்டு இது. அதைச் செய்கிறவனை வழக்குக்கும் வாதத்துக்கும் காத்திராமல் நேரடியாக அடித்து நொறுக்குவேன் என்கிற குரல்தான் பாட்டு முழுக்க. அழுகை இல்லை, இரக்கம் இல்லை, அறிவுரை இல்லை. டோலும் கிட்டாரும் சேர்ந்து விழும் ஒவ்வொரு தாளமும் ஓர் அடியாகவே காதில் விழுகிறது. இசையும் பொருளும் ஒன்றாகிவிட்ட இடம் அது. தொல்காப்பியரின் நான்கு காரணங்களில் குறைந்தது மூன்று இதற்குப் பின்னால் இருக்கின்றன. வெகுளி என்ற மெய்ப்பாட்டுக்கு இக்கால உதாரணம் கேட்டால் தயங்காமல் இதைக் கொடுக்கலாம்.

ரசிகர்கள் சொல்வது

முதல் கட்சி, இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள். அவர்களில் ஒருவன் எனக்கு உறவு. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "பேப்பர்ல டெய்லி ஒரு நியூஸ் வருது மாமா. கேஸ் பத்து வருஷம் நடக்குது. அதுக்குள்ள அவன் பெயில்ல வந்து கல்யாணமே பண்ணிக்கிறான். இந்தப் பாட்டு கேக்குறப்ப, யாராவது ஒருத்தன் நாலு சாத்து சாத்தினான்னு மனசு ஆறுது." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நீதி தாமதமாகும்போது கோபம் வேறு வழி தேடும். அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு, ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பில் பெண்களைப் பற்றி வருகிற ஆபாச ஜோக்குக்குச் சிரிக்கக் கூச்சமாக இருக்கிறதாம். மெட்டல் கச்சேரிக் கூட்டம் பெரும்பாலும் ஆண் கூட்டம். அங்கே போய் ஆண்களே ஆண்களைப் பார்த்து 'இது உன் பிரச்சினைடா' என்று சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இரண்டாவது கட்சி ஒரு பெண். ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவள், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். "ஆம்பிளைங்க நாலு பேரு சேர்ந்துக்கிட்டு உங்களைக் காப்பாத்தறேன்னு பாடறாங்களே, உனக்கு அது சரியாப் படுதா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நான் அப்படிக் கேக்கறதே இல்ல அங்கிள். அதுல வர்ற 'நான்' யாரு? நான்தான். ராத்திரி கேப்ல வர்றப்ப இதைப் போட்டுக்கிட்டா, அடிக்கிறது நான். எனக்காக யாரோ அடிக்கல."

இந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. இந்தியில் 'நான் அடிப்பேன்' என்று சொன்னாலே சொல்வது ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் தன்மைக்குப் பால் வேறுபாடு இல்லை. 'அடிப்பேன்' என்றால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆங்கிலமும் இந்த விஷயத்தில் அப்படியே. பாட்டின் ராப் பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால் அந்த 'நான்' திறந்த வாசலாகக் கிடக்கிறது. அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பாடுகிறவன் ஆண் என்பது அவளுக்குத் தடையாகவே இல்லை. ரசிகர் ஒரு பாட்டைத் தன் உடைமை ஆக்கிக்கொள்வது இப்படித்தான். எழுதியவர் நினைத்ததைவிடப் பெரிய பாட்டு அவள் காதில் கேட்கிறது.

மூன்றாவது கட்சியும் ஒரு பெண்தான். சட்டம் படிக்கிறாள். மெட்டல் இசையில் ஊறியவள், இந்தக் குழுவின் எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். இந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவாளாம். காரணம் கேட்டேன். "பாட்டுல வர்றவன் யாரு அங்கிள்? தெரியாத ஆளு, இருட்டுல வர்றவன். நிஜத்துல பாதிக்கு மேல தெரிஞ்சவங்கதான். சித்தப்பாவை தனாதன்னு அடிப்பாங்களா? ட்யூஷன் சாரை? வீட்டுல சொன்னா அண்ணன் போய் வெட்டிருவான், அப்பா ஜெயிலுக்குப் போயிருவார்னு பயந்தே எத்தனையோ பொண்ணுங்க சொல்லாம இருக்காங்க. இந்தப் பாட்டு அந்த அண்ணனுக்குக் கை தட்டுது."

பாதிக்கு மேல் என்று அவள் சொன்னது குறைத்துச் சொன்னதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவராகத்தான் இருக்கிறார். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். இருட்டில் வரும் முகமறியாதவனை அடிக்கும் பாட்டு, இந்தக் கணக்கில் பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவளுடைய இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. அடிப்பேன் என்று ஆண்கள் கிளம்பினால், வாயைத் திறக்க முதலில் பயப்படுவது பாதிக்கப்பட்டவளே. நம் குடும்பங்களில் இது நடக்காத கதை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஊர் கண்ட தனாதன்

இதை நம் ஊரில் வைத்துப் பார்க்காமல் முடிக்க முடியாது. 2019 நவம்பர் 27 இரவு, ஊரின் மறுகோடியில் ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். உடலை ஷாத்நகர் பக்கம் சட்டன்பல்லியில் எரித்திருந்தார்கள். அந்த வாரம் இந்த நகரத்தில் பெண் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6 விடியற்காலை அதே சட்டன்பல்லியில் போலீஸ் காவலில் இருந்த அந்த நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தைப் பறித்துத் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். மக்கள் போலீசார் மேல் பூத் தூவினார்கள், இனிப்பு கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். சில பெண்கள் போலீசாருக்கு ராக்கி கட்டினார்கள். காவலனுக்குக் கட்டுகிற கயிறு அது.

உச்சநீதிமன்றம் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் ஆணையம் சொன்னது. போலீசார் பத்துப் பேர்மேல் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. 'ரக்ஷக்' ஆல்பம் வந்தது அதே ஆண்டு பிப்ரவரியில். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் ஹைதராபாத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு, 'விசாரணை வேண்டாம், அடி' என்கிற குரல் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. அது நடந்து முடிந்த ஊர் இது.

முதல் கட்சிப் பையனிடம் இதைச் சொன்னேன். "அந்த நாலு பேரும் நிஜமாவே செஞ்சிருந்தா?" என்றான். செய்திருக்கலாம். செய்தார்களா என்று இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த மருத்துவரின் வழக்கு, வழக்காகவே முடியவில்லை. அவருக்குக் கிடைக்க வேண்டியிருந்த தீர்ப்பும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தோடு போய்விட்டது.

கண்ணகியை நாம் சரியாகப் படித்தோமா?

இப்படிப்பட்ட சம்பவம் நடக்கும்போதெல்லாம் தமிழர்கள் கண்ணகியை இழுப்பது வழக்கம். 'மதுரையை எரித்த மாதிரி எரிக்கணும்' என்பார்கள். நம் சங்க மேடையிலும் கேட்டிருக்கிறேன். சிலப்பதிகாரத்தை நிதானமாகப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

கோவலன் எப்படிச் செத்தான்? பொற்கொல்லன் ஒருவன் அரசனிடம் போய், திருடனைப் பிடித்துவிட்டேன் என்றான். அரசன் அப்போது ஊடலில் இருந்த அரசியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் இருந்தான். சாட்சி கேட்கவில்லை, ஆளை வரச் சொல்லவில்லை. கையில் சிலம்பு இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்று ஒரே உத்தரவு. போன காவலர்களில் சிலர், இவனைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை வரிசையாக அடுக்கி அவர்கள் வாயை அடைத்தான். குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். அவ்வளவுதான். விசாரணை இல்லாமல், சந்தேகத்தின் பேரில், அரசு ஆட்கள் செய்த கொலை. இதற்கு இன்றைய பத்திரிகைகளில் என்ன பெயர் என்று வாசகர்களே சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணகி அதற்கு என்ன செய்தாள்? உடனே எரிக்கவில்லை. முதலில் அரண்மனைக்குப் போனாள். இளங்கோவடிகள் அந்தக் காதைக்கு வைத்த பெயரே வழக்குரை காதை. தன் பெயர், ஊர், கணவன் பெயர் எல்லாம் சொல்லித் தன் வழக்கை எடுத்துவைத்தாள். என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் பாண்டியன். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. சாட்சியம் நிரூபணம் ஆயிற்று. கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு அரசன் உயிரை விட்டான். அதன் பிறகுதான் தீ. அப்போதும் முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர், அறவோர், பார்ப்பார், பசு இவர்களை விட்டுத் தீயவர் பக்கம் சேர்க என்று தீக்கு ஆணை இட்டாள்.

பாஞ்சாலியும் அப்படியே. சபையில் அவள் முதலில் எழுப்பியது சட்டக் கேள்வி. தன்னை இழந்த பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு உரிமை ஏது என்று கேட்டாள். பீஷ்மரே பதில் சொல்லத் திணறினார். சபதம் அதற்குப் பிறகு. கண்ணகியின் கோபம் விசாரணையைத் தாண்டிப் போகச் சொன்ன கோபம் அல்ல. விசாரணை செய்யாததற்கு எதிராக எழுந்த கோபம். அவளைத் துப்பாக்கிக்குச் சாட்சியாக நிறுத்துவது அவளுக்கே அநியாயம்.

இந்த இடத்திலிருந்து 'தனாதன்' பாட்டைத் திரும்பப் பார்த்தால் என்ன குறை என்று தெரிகிறது. கோபம் மிகை என்பது என் குற்றச்சாட்டு அல்ல. கோபத்துக்கு முன்னால் வர வேண்டிய வழக்குரை இல்லை. பாதிக்கப்பட்டவள் பேசுவதில்லை. அவளுக்கு என்ன நடந்தது, அவள் என்ன கேட்கிறாள், அடித்த பிறகு அவள் எங்கே போவாள் என்பது எதுவும் பாட்டில் வருவதில்லை. அவள் ஒரு காரணமாக மட்டும் இருக்கிறாள். ஆல்பத்தின் பெயரே 'ரக்ஷக்', அதாவது காவலன். பாண்டியனும் காவலன் என்றே அழைக்கப்பட்டவன். காவலனைக் கேள்வி கேட்பதில் இருந்துதான் நம் காப்பியமே தொடங்குகிறது.

சிலம்பை உடைத்த பாட்டு

அப்படியானால் கோபப் பாட்டே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எப்படிப்பட்டது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மெட்டல் அல்ல, ராப். சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப் 2015-இல் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். அங்கே தெர்மாமீட்டர் தயாரித்த இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. நோயோடு இருந்த தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். பாட்டு கேலியும் கிண்டலுமாகத்தான் போகிறது. யாரையும் அடிக்கக் கிளம்பவில்லை. கம்பெனியின் பெயரைச் சொல்கிறது, என்ன செய்தது என்று சொல்கிறது, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து ஆண்டு போராடியது தொழிலாளர்கள். பாட்டு அந்த வழக்கை உலகத்தின் காதில் போட்டது. சிலம்பை உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டிய பாட்டு என்று இதைச் சொல்வேன்.

சட்டம் படிக்கிற பெண்ணிடம் இந்த ஒப்பீட்டைச் சொன்னபோது அவள் ஒரு திருத்தம் போட்டாள். "அது கம்பெனி அங்கிள். அட்ரஸ் இருக்கு. இங்க யாரு பேரைச் சொல்லுவீங்க? வீட்டுக்குள்ள நடக்கறதுக்கு அட்ரஸே கிடையாது." நியாயமான எதிர்வாதம். பெயர் சொல்ல முடியாத கொடுமைக்குப் பாட்டு எழுதுவது கடினம். கைக்கு எட்டாதவனை அடிப்பதாகப் பாடுவதற்கு ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் இங்கேயும் பேச வேண்டிய முகவரிகள் உண்டு. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழுவுக்குச் சுமார் 80,000 யோசனைகள் வந்தன. அவற்றைப் பரிசீலித்து ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்தார்கள். நாடே தூக்குப் போடு என்று கூவிய நேரத்தில் அந்தக் குழு வல்லுறவுக் குற்றத்துக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. புகாரை வாங்க மறுக்கும் போலீஸ் அதிகாரி, பெண்ணை அவமானப்படுத்தும் மருத்துவப் பரிசோதனை இவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. இவற்றுக்கெல்லாம் முகவரி இருக்கிறது. டோலும் கிட்டாரும் அந்தப் பக்கம் திரும்பினால் இதைவிட நல்ல பாட்டு கிடைக்கும்.

என் மதிப்பீடு

இசை என்ற வகையில் 'தனாதன்' தேறிய பாட்டு. டோலை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளாமல் தாளத்தின் முதுகெலும்பாகவே வைத்திருக்கிறார்கள். வெகுளியை உடம்பில் ஏற்றும் வேலையை நன்றாகவே செய்கிறார்கள். பேசக் கூசும் விஷயத்தைக் கூசாமல் பேசியதும் பாராட்ட வேண்டியதே. பொருள் என்ற வகையில் அது பாதிப் பாட்டு. மீதிப் பாதியை ரசிகர்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் பெண் அதில் தன்னை வைத்துப் பாடுகிறாள். சட்டக் கல்லூரிப் பெண் அதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கிறாள். பையன் சிரிப்பை நிறுத்தியிருக்கிறான். பாட்டைவிட இந்த மூன்று பேர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்குப் பிள்ளைகளோடு பேசத் தமிழ் ஒன்றுதான் கைவசம். அவர்களுக்கோ தெருவில் தெலுங்கு, காலேஜில் இந்தி, காதில் ஆங்கிலம். கோபம் வந்தால் எந்த மொழியில் வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் அறைக் கதவைத் தட்டி 'சத்தத்தைக் குறை' என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பாட்டில் யாருக்கு என்ன கோபம் என்று ஒரு தடவை கேளுங்கள். பெண் பிள்ளை உள்ள வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். 'உனக்கு ஏதாவது நடந்தா அவனை வெட்டிருவேன்' என்று நாம் அன்பில் சொல்வதை நிறுத்திவிட்டு, 'எதுவா இருந்தாலும் சொல்லு, நீ என்ன செய்யணும்னு நினைக்கிறியோ அதுக்குக் கூட நிக்கிறேன்' என்று சொல்லிப் பார்க்கலாம். வழக்கை எடுத்துரைக்க வேண்டியவள் அவள். நம் வேலை அவள் சொல்லும்போது கூட இருப்பது.